சனி, ஞாயிறு ஆனால் என் மகன் பேயோடு குடித்தனம் நடத்துகிறான்!

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

என் வயது 51. மதுரை சிம்மக்கல் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மனைவி, பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன், ஆறாம் வகுப்பு படிக்கும் மகள். குடிப்பழக்கம் கிடையாது. செல்லூரில் வளவு வீட்டில் வாடகைக்கு இருந்தவன், கடனை உடனை வாங்கி ஆனையூரில் சொந்த வீடு கட்டி வந்துவிட்டேன். பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை.

என் பிரச்னையே மகன்தான். வெள்ளிக்கிழமை காலேஜ் விட்டு வந்ததும் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். ஞாயிறு ராத்திரி வரைக்கும் பேய்தான். பேய் கேம், பேய்ப் படம், பேய்ப் புத்தகம். புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூலகம் திறந்த புதிதில் ‘லைப்ரரிக்குப் போறேன்பா’ என்றான். பரவாயில்லையே, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிறான் என்று சந்தோஷப்பட்டேன். அங்கே போய் உட்கார்ந்து படித்ததும் பேய்க்கதைதான். தலையணைக்கு அடியில் ஒரு புத்தகம், அட்டையில் தையல் போட்ட மூஞ்சி. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்று பேர்.

இதுபோக, பழைய பேப்பரைக் கூழாக்கி முகமூடி செய்கிறான். அதைப் போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி கேமுக்குள் நடமாட விடுகிறான். அந்த முகமூடிக்கு முடி எது தெரியுமா? எரிந்துபோன மோட்டாரிலிருந்து நான் உருவிப் போட்டிருந்த செம்புக் கம்பி! செம்பு விற்கிற விலையில்! என்னிடம் கேட்டால் கொடுக்க மாட்டேனா? கேட்கவே மாட்டான். பாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கயிறு கட்டிவிட்டேன். அந்தக் கயிற்றையும் அவிழ்த்து பொம்மை கழுத்தில் கட்டிவிட்டான்.

போன மாதம் ஏதோ போட்டி, ‘லூடம் டேர்’ என்றான். ரெண்டு நாளில் ஒரு கேம் செய்து முடிக்க வேண்டுமாம். சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தான். ஞாயிறு சாயங்காலம் சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள், கூப்பிடுகிறேன், வெளியே வரவில்லை. எனக்கு மானமே போய்விட்டது. நேரே போய் மெயினை அணைத்தேன். செய்ததெல்லாம் போய்விட்டதாம். போகட்டுமே! ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, அப்படியே நின்று என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கதவைச் சாத்திக்கொண்டான். அந்தத் திமிரைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் அண்ணன் மகன் பேங்க் வேலைக்குப் போய்விட்டான். இவனோ பேயைக் கட்டிக்கொண்டு அழுகிறான்.

சொல்ல மறந்துவிட்டேன், ரொம்ப நாளாக வேறொரு கேமும் செய்துகொண்டிருக்கிறான். சின்னவள்தான் எனக்குக் காட்டினாள். பார்த்தால் எங்கள் பழைய செல்லூர் வீடு, அதே பச்சைக் கதவு, அதே கட்டில். ஒரு வண்டிச் சத்தம் வரும், அப்புறம் ஸ்டாண்ட் போடுகிற சத்தம். அதற்குள் கட்டிலுக்கு அடியில் போய்விட வேண்டுமாம். அது என் பழைய டிவிஎஸ் வண்டிச் சத்தம். மாடிப்படிக்குக் கீழே சும்மா கிடந்த வண்டியை ஒருநாள் பிளக்கெல்லாம் துடைத்து அவன் ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தபோது, ஓட்ட ஆசைப்படுகிறான் என்று நினைத்தேன். அப்போதெல்லாம் கடன்காரன் தொல்லை, வீட்டுக்கு வரும்போது கொஞ்சம் சூடாகத்தான் வருவேன், எந்த ஆம்பளை வரமாட்டான்? என் வீட்டுக்காரியும் அந்த கேமைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அது கிடக்கட்டும். அரியர் இல்லாமல்தான் படிக்கிறான், ஆனால் இப்படியே போனால் என்ன ஆவான்? இது ஏதாவது வியாதியா? எந்த டாக்டரிடம் காட்ட வேண்டும்? கம்ப்யூட்டரை விற்றுவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை.

அன்புச் சகோதரருக்கு,

கேட்டதற்கு முதலில் பதில். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது வியாதி இல்லை. ‘கேமிங் கோளாறு’ என்ற ஒன்றை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டே பெரிதாகிப் போவது, கெடுகிறோம் என்று தெரிந்தும் தொடர்வது, அதனால் படிப்போ பிழைப்போ உறவோ குலைவது, அதுவும் பொதுவாக 12 மாதமாவது நீடிப்பது. இவ்வளவும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். உங்கள் மகன் அரியர் இல்லாமல் படிக்கிறான், நூலகம் போகிறான், தங்கைக்கு கேம் காட்டுகிறான். கம்ப்யூட்டரை விற்காதீர்கள்.

பேய் பிடித்த ரசனை என்கிறீர்கள். அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பருக்குச் சிலை கிடையாது. சாத்திய கதவுக்குச் சந்தனம் பூசிக் கும்பிடுகிறோம். சாத்திய கதவுக்குப் பயப்படுவது நமக்கொன்றும் புதிதில்லையே! அண்ணன் மகனின் பேங்க் வேலை பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அது அவன் வேலை.

‘சொல்ல மறந்துவிட்டேன்’ என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எதையும் மறக்கவில்லை. அந்தப் பத்தியை எழுதத்தான் இவ்வளவு நீளக் கடிதமும் என்று தோன்றுகிறது. ‘என் மகன் என்ன ஆவான்’ என்று கேட்டிருக்கிறீர்கள். ‘என் மகன் கண்ணுக்கு நான் என்னவாக இருந்தேன்’ என்ற கேள்வியை விழுங்கிவிட்டீர்கள்.

திகில் விளையாட்டுகளில் ஒரு வகை உண்டு. 2010-ல் வந்த ‘அம்னீசியா’வில் விளையாடுபவர் கையில் ஆயுதமே தரமாட்டார்கள். ஓடலாம், ஒளியலாம், அவ்வளவுதான். துப்பாக்கி, கத்தி என்று கொடுக்க எத்தனையோ இருக்க, உங்கள் மகன் தேர்ந்தெடுத்தது இந்த வகையை. வண்டிச் சத்தம் வேண்டுமென்றால் இணையத்தில் இலவசமாகவே எத்தனையோ கிடைக்கும். அவன் மாடிப்படிக்கு அடியில் தூசியில் கிடந்த அந்த ஒரு வண்டியை, பிளக்கைத் துடைத்து, உதைத்து ஸ்டார்ட் பண்ணியிருக்கிறான். அவனுக்கு அந்தச் சத்தம்தான் வேண்டியிருந்தது.

நீங்கள் கொடுமைக்காரர் என்று நான் சொல்லவில்லை. அடித்தீர்களா, திட்டினீர்களா என்றும் எனக்குத் தெரிய வேண்டியதில்லை. ‘கொஞ்சம் சூடாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். சூடாகிறவருக்கு அது ஐந்து நிமிட விஷயம், சாப்பிட்டுப் படுத்தால் மறந்துவிடும். காத்திருக்கிறவர்களுக்கு அப்படியில்லை. விளக்கு வைக்கிற நேரத்திலிருந்தே அவர்கள் காது வாசலில் கிடக்கும். உங்கள் மனைவி ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போனார் என்றால், அந்த கேமை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மெயினை அணைத்ததை நியாயம் போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லூடம் டேர் 2002-லிருந்து நடந்துவரும் போட்டி. அதில் தனி ஆளுக்கான பிரிவில் கலந்துகொண்டால் 48 மணி நேரத்துக்குள் படம், சத்தம், நிரல் எல்லாம் தானே செய்து முடிக்க வேண்டும். நீங்கள் ஒரு காயிலைப் பாதி கட்டிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து கம்பியை அறுத்துவிட்டுப் போனால் என்ன செய்வீர்கள்? மறுபடி முதல் சுற்றிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் மகனுக்கு அதற்கும் நேரமில்லை. அவன் பேசாமல் நின்றது உங்களுக்குத் திமிராகத் தெரிந்திருக்கிறது. சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த பிள்ளை வளர்ந்த பிறகும் அப்படித்தான் நிற்பான். உங்களிடம் செம்புக் கம்பி கேட்காததற்கும் காரணம் வேறெங்கும் தேட வேண்டாம்.

ஆனால் இதையும் பாருங்கள். வெறுப்பவன் அப்பா வண்டிக்கு பிளக் துடைத்துக்கொண்டிருக்க மாட்டான். ஒளிய இடம் எங்கே, எத்தனை நொடி அவகாசம், எப்போது விளையாட்டை நிறுத்துவது என்று எல்லாவற்றையும் இப்போது அவனே முடிவு செய்கிறான். அன்றைக்கு இதில் எதுவுமே அவன் கையில் இல்லை. பயத்தை வைத்து ஒரு வீடே கட்டும் அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது. அவன் தலையணைக்கு அடியில் இருக்கும் புத்தகமும் அப்படித்தான். 1816-ல் ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு அடைபட்டுக் கிடந்த நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பேசிக்கொண்டபோது, 18 வயது மேரி ஷெல்லி தொடங்கிய கதை. அதில் பேயே கிடையாது. உண்டாக்கியவனே முகத்தைப் பார்த்து ஓடிப்போனதால் தனியாக அலையும் ஓர் உயிர்தான் இருக்கிறது. நீங்களும் படிக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ரூமுக்குப் போய், ‘அந்த செல்லூர் வீட்டு கேமை எனக்கும் சொல்லிக் கொடுப்பா’ என்று கேளுங்கள். முடியாது என்றால் திரும்பி வந்துவிடுங்கள், இன்னொரு நாள் கேளுங்கள். விட்டால் உட்கார்ந்து விளையாடுங்கள். தோற்றுப் போங்கள். வண்டிச் சத்தம் வரும்போது, ‘இது நானாடா?’ என்று கேட்டு அவன் வாயால் ‘இல்லப்பா’ என்று சொல்ல வைக்காதீர்கள். உங்களைத் தேற்றும் வேலையை அவன் தலையில் கட்ட வேண்டாம். அவனாகப் பேசினால், ‘உங்களுக்காகத்தானே பாடுபட்டேன்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அது உண்மைதான், ஆனால் அன்றைக்கு அது பதில் ஆகாது. மெயினை அணைத்ததற்குத் தனியாக, சின்னதாக, ஒரு வருத்தம் சொல்லிவிடுங்கள்.

ராத்திரித் தூக்கம் அடிக்கடி கெட்டாலோ, கல்லூரிக்குப் போவது நின்றாலோ டாக்டரைப் பாருங்கள். உங்களுக்கே மனசு விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

அவனிடம் போவதற்கு முன்னால் உங்கள் மனைவியிடம் கேளுங்கள், அன்றைக்கு அடுப்படிக்குப் போய் என்ன நினைத்தார் என்று. உடனே சொல்ல மாட்டார். சொல்லும்போது நடுவில் பேசாதீர்கள்.