கைக்கடிகாரத்துக்குக் கால் வலிக்காது

கேள்வி: எனக்கு வயது 38. இன்னும் எட்டு வாரங்களில் அரை மராத்தான் ஓடப்போகிறேன். ஸ்மார்ட் வாட்சும் ஓட்டச் செயலியும் வைத்துத்தான் பயிற்சி செய்கிறேன். மெதுவாக ஓடும்போதே இதயத் துடிப்பு 176 என்று வாட்ச் காட்டுகிறது. என் வயதுக்கு அதிகபட்சமே 182தான் என்கிறது செயலி. இதயத்தில் கோளாறு இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. செயலியின் கலோரிக் கணக்குப்படி சாப்பிட்டு மூன்று மாதங்களில் 5 கிலோ குறைந்திருக்கிறேன். 52 நாட்களாக ஒரு நாள்கூட விடாமல் ஓடியிருக்கிறேன். இரண்டு வாரமாக இடது முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் ஓரிடத்தில் வலி. இப்போது இரவிலும் வலிக்கிறது. ஓட ஓடச் சரியாகிவிடுமா, டாக்டர்?

பதில்: நீங்கள் பயப்படுவது இதயத்துக்காக. எனக்குக் கவலை தருவது, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் கால் வலி. அதனால் அதையே முதலில் சொல்கிறேன். ஓட ஓடச் சரியாகாது. இன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள்.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. அதனால் எலும்பில் நுண்ணிய சேதம் ஏற்படுவது இயல்பு. உடல் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது எலும்பைக் கட்டிக்கொள்ளும். ஆனால் அந்த வேலைக்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும். இதயமும் தசையும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடும். எலும்பு பின்தங்கியே வரும். 'உங்கள் உடல்திறன் கூடியிருக்கிறது' என்று செயலி பாராட்டுவது பொய்யல்ல. ஆனால் அது இதயத்தையும் வேகத்தையும் வைத்துச் சொல்வது. எலும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று அறியும் கருவி அந்த வாட்சில் இல்லை.

விரலால் எலும்பை மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்பக்க விளிம்பு நெடுக, ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய திசுவின் வலிதான். நாணய அளவுள்ள ஓரிடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்து, ஓய்விலும் இரவிலும் தொடர்ந்தால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டாவது வகை. இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்-ரேயில் இந்த விரிசல் பல நேரம் தெரியாது. 'எக்ஸ்-ரே நன்றாகத்தானே இருக்கிறது' என்று மறுபடி ஓடப் போய், விரிசலை முழு முறிவாக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. எம்ஆர்ஐ தேவையா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.

அடுத்து, அந்த 5 கிலோ. வாட்ச் காட்டும் கலோரி எண்ணை நம்பி உணவை அளந்திருக்கிறீர்கள். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணிக்கட்டில் அணியும் 7 கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை 6 கருவிகள் ஓரளவு சரியாகவே காட்டின. பிழை 5 சதவீதத்துக்குள். கலோரியில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. இவ்வளவு பிசகும் எண்ணை வைத்துச் சாப்பாட்டைக் குறைத்தால், பயிற்சிக்கும் போதாமல், உடல் பராமரிப்புக்கும் போதாமல் போகும். அப்போது உடல் முதலில் சிக்கனம் பிடிப்பது ஹார்மோன்களிலும் எலும்பிலும்தான். உங்கள் மாதவிடாய் தள்ளிப்போகிறதா, நின்றுவிட்டதா? நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கால் வலிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கலாம். கலோரிப் பக்கத்தைச் செயலியில் மூடிவிட்டு, பசிக்குச் சாப்பிடுங்கள்.

இனி இதயம். வாட்சின் அடியில் மின்னும் பச்சை விளக்கு, தோலுக்கடியில் இரத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்துத் துடிப்பை எண்ணுகிறது. பட்டை தளர்வாக இருந்தால் கை வீசும் அசைவு அதைக் குழப்பிவிடும். இதயத் துடிப்புக்குப் பதிலாக உங்கள் காலடிகளை எண்ணத் தொடங்கிவிடும். இதைச் சரிபார்க்க நீங்கள் ஓட வேண்டியதில்லை. பழைய பதிவுகளைத் திறந்து, நிமிடத்துக்கு எத்தனை அடி என்று பாருங்கள். அதுவும் 174, 176 என்று துடிப்பை ஒட்டியே இருந்தால் வாட்ச் எண்ணியது அடிகளைத்தான் என்று சந்தேகிக்கலாம். பிறகு ஓடத் தொடங்கும்போது பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே இறுக்கமாகக் கட்டுங்கள்; அல்லது மார்புப் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள், அது இதயத்தின் மின் துடிப்பையே நேராக அளக்கும்.

182 என்பதும் உங்களை அளந்து சொன்ன எண் அல்ல. 220-இலிருந்து வயதைக் கழித்தது, அவ்வளவுதான். அதைவிட 10, 12 துடிப்பு கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். மெதுவாக ஓடும்போது மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிந்ததா? முடிந்தது என்றால் அந்த 176-ஐ நான் நம்பமாட்டேன். ஆனால் ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், மயக்கம், துடிப்பு தாறுமாறாக ஓடும் உணர்வு இவற்றில் ஏதாவது ஒன்று ஒரு முறை வந்திருந்தாலும், வாட்ச் என்ன காட்டினாலும் இதய மருத்துவரைப் பாருங்கள். வாட்சில் எடுக்கும் இசிஜி மாரடைப்பைக் கண்டுபிடிப்பதற்கானது அல்ல.

52 நாள் தொடரை அறுக்க மனம் வராது என்பது எனக்குப் புரிகிறது. அது உங்கள் உழைப்பு. ஆனால் 'ஒரு நாளும் விடாதே' என்பது செயலி வைத்த விதி. எந்த நல்ல பயிற்சியாளரும் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு எழுதித் தருவார். நினைவூட்டல்களை அணைத்துவிடுங்கள். மருத்துவர் அனுமதித்தால் வலியில்லாமல் நீந்தலாம், சைக்கிள் மிதிக்கலாம். இதயம் பெற்ற பயிற்சி பெருமளவு தங்கும்.

ஸ்கேனில் விரிசல் தெரிந்தால், ஆறுவதற்கே 6 முதல் 8 வாரங்களோ அதற்கு மேலோ ஆகும். அதன் பிறகு நடையில் தொடங்கித்தான் ஓட்டத்துக்கு வர முடியும். அப்படியானால் இந்த அரை மராத்தானை விட்டுவிடுங்கள். பதிவை வேறு ஓட்டத்துக்கு மாற்ற முடியுமா என்று ஏற்பாட்டாளர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.