தினமும் நற்செய்தி வாசகமும் சிந்தனையும் படிக்கிறேன், ஆனால் என் வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை. எங்கே தவறுகிறேன்?

உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை, ஏனென்றால் நானும் பல வருடங்கள் இதே நிலையில்தான் இருந்தேன்.

காலையில் கண் விழித்ததும் வாட்ஸ்அப்பில் அன்றைய வாசகமும் அதன் கீழே ஒரு சிந்தனையும் வந்திருக்கும். வாசகம் தெரிந்ததுதானே என்று வேகமாகத் தள்ளிவிட்டு நேராகச் சிந்தனைக்குப் போவேன். நன்றாக இருந்தால் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவேன். யாருக்கு அனுப்புகிறேன் என்பதில்தான் விஷயம் இருந்தது. மன்னிப்பைப் பற்றி வந்தால் கோபக்கார உறவினர் ஒருவருக்குப் போகும், பேராசையைப் பற்றி வந்தால் பணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் இன்னொருவருக்குப் போகும். எனக்கென்று ஒரு வசனத்தையும் நான் வைத்துக்கொண்டதில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் எழுதிய 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்ற ஊக்கவுரையில் இதைச் சோதனை என்றே சொல்கிறார்: இந்தப் பகுதி மற்றவர்களுக்கு என்ன சொல்கிறது என்று யோசித்து, நம் வாழ்க்கையை அதிலிருந்து தப்பவைத்துக்கொள்வது. மறையுரைக்குத் தயாரிப்பவர்களுக்காக எழுதிய பகுதி அது. எனக்கோ என் காலைப் பொழுதை அப்படியே பார்த்து எழுதியது போல இருந்தது.

என்னைத் திருப்பியது மத்தேயு 5ஆம் அதிகாரம். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன்வரும் நோன்புக் காலமான தவக்காலத்தின் முதல் வார வெள்ளிக்கிழமைக்கு ஒவ்வொரு ஆண்டும் வரும் வாசகம் அது. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுடைய மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்கிறார் இயேசு. நூறு முறை கேட்ட பகுதி. அன்றைக்குத்தான் ஒரு சிறிய விஷயம் கண்ணில் பட்டது. உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அங்கே இல்லை. அவனுக்கு உன்மேல் இருந்தால் என்றுதான் இருக்கிறது. யார் பக்கம் நியாயம் என்ற கேள்வியே அந்த வாக்கியத்தில் வரவில்லை.

அப்போது என் அண்ணனோடு நான்கு வருடங்களாகப் பேச்சு இல்லை. அம்மா படுக்கையில் இருந்த கடைசி மாதங்களில் அவர்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டார், நான் வேலையைக் காரணம் காட்டி மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். அடக்கம் முடிந்த அன்று எல்லார் முன்னிலையிலும் அவர் என்னைத் திட்டிவிட்டார். அந்தத் திட்டுதான் என் மனதில் நின்றது, அதற்கு முன் நடந்த ஏழு மாதங்கள் நிற்கவில்லை. அவரை மன்னித்துவிட்டேன் என்றுகூட ஒப்புரவு அருளடையாளத்தில், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும்போது, சொல்லியிருக்கிறேன், அதுவும் முழு மனதோடு. அவர் என்னை மன்னிக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை போனை எடுத்து அவர் எண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரை அணைந்துவிடும், தொட்டு எழுப்புவேன், மறுபடி அணைந்துவிடும். கடைசியில் அழுத்திவிட்டேன். அவர் எடுத்து, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "சொல்லுடா" என்றார். யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "அம்மாவை நீங்க தனியாப் பார்த்துக்கிட்டீங்க, நான் வந்திருக்கணும்" என்று மட்டும் சொன்னேன். அவர் அழவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அம்மா இரவில் தண்ணீர் கேட்டு எத்தனை முறை எழுப்புவார் என்று சொல்ல ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் சொன்னார்.

இதைச் சொல்லக் காரணம், வாசகம் என்னுள் வேலை செய்தது படித்து முடித்தபோது இல்லை, அந்த எண்ணை அழுத்தியபோதுதான். எகிப்தின் பாலைவனத்தில் தவ வாழ்வு வாழ்ந்த புனிதர் வனத்து அந்தோணியாரின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். புனித அத்தனாசியார் எழுதியதன்படி, பெற்றோரை இழந்த இளைஞர் அவர், கோவிலுக்குள் நுழைந்த நேரத்தில் உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று இயேசு ஒரு செல்வரிடம் சொன்ன பகுதியை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். அது தனக்காகவே வாசிக்கப்பட்டதாக எடுத்துக்கொண்டு, வெளியே வந்ததும் நிலத்தை ஊர்க்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார். அங்கே இருந்த எல்லாருக்கும் காதில் விழுந்தது அதே வாசகம்தான்.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? நான் செய்வதைச் சொல்கிறேன். சிந்தனையை முதலில் படிப்பதை விட்டுவிட்டேன். அது வேண்டாம் என்பதில்லை, குருக்கள் பலர் உழைத்து எழுதுகிறார்கள். ஆனால் இன்னொருவர் மென்று கொடுத்ததை முதலில் வாயில் போட்டால் நமக்குப் பசி போய்விடுகிறது. வாசகத்தை இருமுறை, ஒருமுறையாவது வாய்விட்டு, படியுங்கள். உரசும் வசனம் எது என்று பாருங்கள். பிடித்த வசனத்தைவிட எரிச்சல் தரும் வசனத்தில் அதிக நேரம் நில்லுங்கள் என்றே சொல்வேன். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கர்த்தூசியன் சபைத் துறவி இரண்டாம் குயிகோ இதை ஏணியின் நான்கு படிகளாகச் சொன்னார்: வாசிப்பது, தியானிப்பது, செபிப்பது, அப்புறம் இறைவன் முன் சும்மா இருப்பது. நாம் பெரும்பாலும் முதல் படியில் ஏறி இறங்கிவிடுகிறோம்.

இன்னொன்று, முன்னும் பின்னும் படியுங்கள். எந்த நாளில் திருப்பலியில் எதை வாசிப்பது என்று சொல்லும், 1969இல் வெளியான வாசக ஒழுங்கின்படி, பொதுக்காலத்தின் (தவக்காலம், கிறிஸ்துமஸ் போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத வாரங்களின்) வார நாள்களில் முதல் ஒன்பது வாரம் மாற்கு, அடுத்து இருபத்தொன்றாம் வாரம் வரை மத்தேயு, பிறகு லூக்கா என்று நற்செய்தி ஏறக்குறைய தொடர்ச்சியாக வருகிறது. தினமும் ஒரு துண்டாகப் பார்த்தால் இது தெரியாது. நேற்று எங்கே நின்றது என்று விவிலியத்தைத் திறந்து பார்த்தால் இயேசு நடந்துபோகும் வழி தெரிய ஆரம்பிக்கும். சின்ன விவரங்களும் பிடிபடும். இயேசு பார்வை கொடுத்த பார்த்திமேயுவின் கதையை நற்செய்தி எழுதியவர்களில் மூன்று பேர் சொல்கிறார்கள், ஆனால் இயேசு கூப்பிட்டதும் அவர் தன் மேலுடையை எறிந்துவிட்டுத் துள்ளி எழுந்தார் என்பது மாற்குவில் மட்டும்தான் இருக்கிறது. வழியோரம் பிச்சை எடுக்கும் பார்வையற்ற ஒருவருக்கு அந்தத் துணிதான் சொத்து. எறிந்ததை மறுபடி எப்படித் தேடுவார்? இன்னும் பார்வை வரவில்லை, அதற்கு முன்பே எறிகிறார். இந்த ஒரு வரியோடு நான் ஒரு வாரம் இருந்திருக்கிறேன்.

ஒன்றுமே தோன்றாத நாள்களும் வரும், நிறையவே வரும். அன்றைக்கு ஒரு வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு கிளம்பிவிடுங்கள். இரவில் படுக்கும் முன் அது அன்று எங்கேயாவது குறுக்கே வந்ததா என்று மட்டும் பாருங்கள். உணர்ச்சி வரவில்லை என்று கவலைப்படாதீர்கள், அதை நாம் வரவழைக்க முடியாது. செய்யக்கூடியது ஒரு சிறிய செயல்தான், அதுவும் அன்றைக்கே, பெயரும் நேரமும் உள்ளதாக. 'இனிமேல் அன்பாக இருப்பேன்' என்று முடிவெடுத்தால் மதியத்துக்குள் மறந்துவிடும். 'மூன்று மணிக்கு அவரிடம் போய்ப் பேசுவேன்' என்றால் மறக்க முடியாது.

அண்ணனோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. பேசுகிறோம், சில விஷயங்களை இருவருமே தொடுவதில்லை. கடந்த தவக்காலத்தில் அதே வெள்ளிக்கிழமை, அதே வாசகம் வந்தது. இதை முடித்தாயிற்றே என்ற நினைப்போடுதான் திறந்தேன், ஆனால் பழைய வேலையிடத்தில் என்னால் மனம் நொந்துபோன ஒருவரின் முகம் வந்து நின்றது. அவருடைய எண்ணைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் அழைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் போகும் முன் அழைப்பதாக இருக்கிறேன்.