மழைக்காலத்துக் கோழிக்கூடு: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

மழை புடிச்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல கோழிக்கூட்ட பத்தி கேக்குறீங்க, அதனால மொத்தமா சொல்லிடுறேன். நல்லா இறகு வளந்த கோழிக்கு நம்ம இலங்கை மலைநாட்டுக் குளிர் ஒண்ணும் பண்ணாது. ஈரமும் அடைச்ச காத்தும்தான் அத கெடுக்கும். இத மனசுல வச்சிக்கிட்டு கேளுங்க.

மஸ்கெலியா அக்கா: தம்பி, லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னாடி கூடு. சாரல் அடிக்குதுன்னு நாலு பக்கமும் படங்கு (தார்ப்பாய்) கட்டினேன். இப்ப உள்ள தலைய விட்டா கண்ணு எரியுது, கோழியும் கண்ண மூடிக்கிட்டே நிக்குது.

அக்கா, மொதல்ல அந்தப் படங்க மேல இருந்து ஒரு முழம் எறக்கி விடுங்க, மிச்சத்த பொறகு படிங்க. எச்சம் ஈரமானா அமோனியா வாயு வரும், அதுதான் கண்ண எரிக்குது. நீங்க நின்னுக்கிட்டு மோந்து பாத்தா பத்தாது, குந்தி கோழி தலை ஒசரத்துல மோந்து பாருங்க, அங்க வாடை அடிச்சா கோழி ராத்திரி முழுக்க அததான் இழுக்குது, அப்புறம் சளி, தும்மல்னு வரிசையா வரும். உங்க பக்கம் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழை தென்மேற்குல இருந்து அடிக்கும், அதனால அந்தப் பக்கத்த மட்டும் முழுசா மறைங்க, மத்த பக்கம் கோழி தூங்குற ஒசரம் வரைக்கும் பலகையோ உரச்சாக்கோ அடிச்சிட்டு அதுக்கு மேல கூரை வரைக்கும் கம்பி வலை போதும். கூரைய ரெண்டடி வெளிய நீட்டுங்க. கூட்டுக்கு மேல்பக்கத்துல ஒரு கான் (வாய்க்கால்) வெட்டி விடுங்க, மலைச்சரிவுல தண்ணி மேல இருந்து விழுறது மட்டும் இல்ல, மண்ணுக்குள்ளாலயும் வரும். நனைஞ்ச மரத்தூள மொத்தமா வழிச்சி எடுத்துட்டு காஞ்ச உமியோ மரத்தூளோ நாலு அங்குலம் கனமா போட்டு, அப்பப்ப கிளறி விடுங்க. வாடை போகட்டும்னு ஈர எச்சத்து மேல சுண்ணாம்பு தூவாதீங்க, வாடை கூடத்தான் செய்யும்.

நுவரெலியா தம்பி: அண்ணே, ஜனவரியில புல்லு மேல பனி வெள்ளையா கிடக்கும். பெரிய கோழிக்கு பல்ப் போடணுமா?

வேணாம். கோழி ஒடம்பு சூடு 41 டிகிரி கிட்ட, இறகுக்குள்ள காத்த புடிச்சி வச்சிக்கிட்டு தன்ன தானே பாத்துக்கும், நனையாம இருந்தா சரி. சாயங்காலம் அடையுறதுக்கு முன்ன ஒரு பிடி சோளம் போடுங்க, கழுத்துல இருக்குற தீனிப்பை நெறஞ்சிருந்தா ராத்திரி தாங்கும். பூஞ்சணம் புடிச்ச சோளம் மட்டும் வேணாம்.

தலவாக்கலை தங்கச்சி: பெட்டியில குஞ்சு வாங்கி வந்தேன் அண்ணே, கரண்ட் அடிக்கடி போகுது. கரி அடுப்பு உள்ள வைக்கலாமா?

மூடின அறையில கரி வைக்காதீங்க தங்கச்சி. கார்பன் மோனொக்சைட்டுக்கு வாசமே கிடையாது, குஞ்சும் போகும், அதே அறையில நீங்க படுத்தா நீங்களும் போவீங்க. குஞ்சுக்கு மட்டும் சூடு கட்டாயம் வேணும்: மொத வாரம் 32ல இருந்து 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி கொறச்சிக்கிட்டே வாங்க. தெர்மோமீட்டர் இல்லாட்டி குஞ்சயே பாருங்க, பல்புக்கு அடியில குமிஞ்சி கத்துனா குளிர், ஓரத்துல போயி வாய தொறந்து நின்னா சூடு. கரண்ட் போனா சுடுதண்ணி போத்தல துணியில சுத்தி வைங்க, ஆறினா மாத்துங்க. பல்ப வயர்ல தொங்க விடாதீங்க, கம்பியில கட்டுங்க. மரத்தூள்ல விழுந்தா கூடு மட்டும் இல்ல, லயமே எரியும்.

பொகவந்தலாவை அண்ணன்: தகரத்துல ஒரு ஓட்டையும் இல்ல, ஆனா விடிய விடிய சொட்டுது. தார் பூசியும் நிக்கல.

ஓட்டை இல்லாட்டியும் சொட்டும் அண்ணே. சோத்துப்பானை மூடி மாதிரிதான் இது, கோழி விடுற மூச்சும் எச்சத்து ஈரமும் மேல போயி குளிர்ந்த தகரத்துல தண்ணியா மாறி விழுது. தாருக்கு செலவழிச்ச காச விட்டுத்தள்ளுங்க. கூரைக்கு அடியில ரெண்டு பக்கமும் காத்து போக வழி விடுங்க, தகரத்துக்கு கீழ மானாப்புல்ல கனமா கட்டுங்க.

லிந்துலை: மானாவா? எலி கூடு கட்டும். எலி வந்தா பாம்பு வரும்.

பொகவந்தலாவை அண்ணன்: எங்க தாத்தா காலத்துல மானாதான் கூரையே. அப்ப எலி இல்லையா?

லிந்துலை: அப்ப ஊர்ல இருந்த பூனையும் இப்ப இல்லையே!

ஹட்டன்: ரெஜிபோம் (தெர்மோகோல்) போடுங்க, வேல முடிஞ்சது.

ரெஜிபோம கோழி கொத்தி தின்னுரும் ஹட்டன்காரரே, போடுறதா இருந்தா அடியில பலகை அடிக்கணும், அந்த காசுக்கு ரெண்டு கூடு கட்டலாம். எலி விசயத்துல லிந்துலை சொல்றது ஞாயம்தான், ஆனா எலி மானாவ தேடி வர்றதில்ல, சிந்திக் கிடக்குற தீனிக்குத்தான் வருது. ராத்திரி தீனித் தட்ட எடுத்து வைங்க, மானாவுக்கு அடியில கோழி வலைய இழுத்து அடிங்க, வருசத்துக்கு ஒருக்கா புல்ல மாத்துங்க.

லிந்துலை: வலைக்குள்ளயே எலி பூந்துச்சினா?

அப்ப பூனை வளருங்க. அடுத்த கேள்வி.

இராகலை: மழை வந்ததுல இருந்து முட்டை பாதியா கொறஞ்சிருச்சு. பகல் சின்னதானதாலயா?

நம்ம மலைநாட்டுல நீண்ட பகலுக்கும் குட்டை பகலுக்கும் ஒரு மணித்தியாலம் கூட வித்தியாசம் இல்ல. நீங்க மழைக்கு பயந்து கூட்ட இருட்டாக்கி வச்சிருப்பீங்க, வெளிச்சம் பத்தாட்டி முட்டை கொறையும். குளிர்ல தீனியும் கூட வேணும். இறகு உதிருதான்னும் பாருங்க, உதிருற நேரத்துல முட்டை நிக்கும், அதுக்கு மருந்து கெடையாது.

வட்டவளை: பெரிய கோழிக்கு பல்ப் போடணுமா அண்ணே?

நுவரெலியா தம்பிக்கு சொன்னத படிங்க.

கந்தப்பளை: கொண்டையில வாசலின் பூசச் சொல்லி ஒரு வீடியோ பாத்தேன்.

அது ஐஸ் கட்டுற நாட்டுக்கு. இங்க கொண்டை கறுத்தா நோயா இருக்கலாம், மிருக வைத்தியர்கிட்ட காட்டுங்க.

பண்டாரவளை அக்கா: ஒரு மாசக் குஞ்சு, இறகு தொங்கப்போட்டு நிக்குது, எச்சத்துல ரத்தம்.

ரத்தக்கழிச்சலா இருக்கும் அக்கா, காக்சிடியான்னு சொல்லுவாங்க, ஈரமான எச்சத்துலதான் சுலபமா பரவும். இன்னைக்கே மிருக வைத்தியர் ஆபீசுக்கு போங்க, தண்ணியில கலக்குற மருந்து தருவாங்க, ஆம்ப்ரோலியம் மாதிரி. அளவ அவங்கதான் சொல்லணும். நோய் புடிச்சத தனியா வைங்க, அடியில கிடக்குறத மாத்துங்க. மஞ்சளும் மிளகும் குடுத்துக்கிட்டு ரெண்டு நாள வீணாக்காதீங்க.

கினிகத்தேனை: நாலு பக்கமும் படங்கு கட்டினா குளிர் வராதுல்ல?

மஸ்கெலியா அக்கா கண்ணு எரிஞ்ச கதைய படிங்க தம்பி!

வெலிமடை: ஆட்டுப்பட்டிக்கும் இதேதானா?

ஆடு எனக்கு தெரியாது. வளக்குறவங்க யாராச்சும் இருந்தா பதில் போடுங்க.