பல்பு உடைந்தது, பயம் வந்தது

கேள்வி: படுக்கையறையில் பழைய சி.எஃப்.எல். பல்பைக் கழற்றும்போது கை தவறி, விரித்திருந்த கோரைப் பாயில் விழுந்து நொறுங்கிவிட்டது. என் மனைவி உடனே துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிட்டார். உள்ளே இருப்பது பாதரசம், அது நஞ்சு என்று பக்கத்து வீட்டார் சொன்னதிலிருந்து பேரக்குழந்தைகளை அந்த அறைக்குள் விடவே தயக்கமாக இருக்கிறது. (வாசகர், விழுப்புரம்)

பதில்: பக்கத்து வீட்டார் சொன்னது உண்மை; அளவைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார். ஒரு சி.எஃப்.எல். பல்பில் ஏறக்குறைய 4 மில்லிகிராம் பாதரசம் இருக்கும். காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரில் இருந்ததோ அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி புற ஊதாக் கதிரை வெளிவிட, குழாயின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி அதை ஒளியாக மாற்றுகிறது. குழாய் உடைந்தால் பாதரசத்தில் ஒரு பகுதி காற்றில் கலக்கும், மீதி அந்தப் பொடியிலும் சில்லுகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

உங்கள் மனைவியைக் குறை சொல்வதற்கில்லை. கண்ணாடி உடைந்தால் எந்த வீட்டிலும் கை முதலில் துடைப்பத்துக்குத்தான் போகும். ஆனால் துடைப்பம் பொடியைக் கிளப்பிப் பரப்புவதோடு தன் ஈர்க்குகளிலும் ஏற்றிக்கொள்ளும் என்பதால், இனி அதைப் புழங்க வேண்டாம். கோரை இடுக்குகளில் புகுந்த பொடியை உதறி எடுக்கவும் முடியாது, பாயையும் கழித்துவிடுங்கள். ஜன்னல்களைத் திறந்துவைத்து, தரையை ஈரத் தாளால் துடைத்தெடுத்த பின் குழந்தைகள் அறைக்குள் வரலாம்.

இன்னொரு முறை உடைந்தால், மின்விசிறியையும் ஏ.சி.யையும் நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் பத்து நிமிடம் வெளியே இருங்கள். பிறகு கெட்டியான அட்டையால் சில்லுகளை வழித்து, எஞ்சிய பொடியை ஒட்டுநாடாவால் ஒற்றியெடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடுங்கள். வாக்குவம் கிளீனர் கூடவே கூடாது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சி.எஃப்.எல். பல்பையும் ட்யூப்லைட்டையும் வீட்டு அபாயக் கழிவு என்றே வகைப்படுத்தின. ஆகவே அந்தப் புட்டியைக் காய்கறித் தோலோடு சேர்க்காமல், இன்னது என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் தனியே கொடுங்கள்.

கேள்வி: என் மகள் சி.எஃப்.எல். மேசை விளக்கின் அடியில் இரவு வெகுநேரம் படிக்கிறாள். தோலுக்குக் கெடுதலா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: தொலைவைப் பொறுத்தது. சுருள் குழாய் வெளியே தெரியும் பல்புகளிலிருந்து சிறிதளவு புற ஊதாக் கதிர் கசியும். பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை, இவ்வகைப் பல்புகளை 30 சென்டிமீட்டருக்கும் நெருக்கமாக, நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாமென 2008-இல் அறிவுறுத்தியது. பள்ளிக்கூட அளவுகோல் ஒன்றின் நீளம் இடைவெளி விட்டால் போதும். வெளியே இன்னொரு கண்ணாடிக் கூடு உள்ள பல்பானால் அந்தக் கவலையும் இல்லை. விளக்கை மாற்றும் எண்ணமிருந்தால் எல்.இ.டி. வாங்குங்கள், அதில் பாதரசமே கிடையாது.