கறுப்பாக இருந்தால் ஹைத்திக்காரர் என்று பிடித்துவிடுவார்களா?

கேள்வி: டொமினிக்கன் குடியரசின் தலைநகர் சான்டோ டொமிங்கோவில் இரண்டு வருட வேலை கிடைத்திருக்கிறது. விசா எல்லாம் சரி. ஆனால் நான் நல்ல கறுப்பு. கறுப்பாக இருப்பவர்களை ஹைத்திக்காரர் என்று வண்டியில் ஏற்றிவிடுவார்கள் என்று நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: நண்பர் கதை விடவில்லை. ஹைத்தி அதே தீவில் இருக்கும் பக்கத்து நாடு. அங்கிருந்து ஆவணமில்லாமல் வந்தவர்களைத்தான் டொமினிக்கன் அரசு பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. 2022 நவம்பரில் அமெரிக்கத் தூதரகமே தன் நாட்டுக் கறுப்பு நிறத்தவர்களுக்கு இப்படி ஓர் எச்சரிக்கை விட்டது. டொமினிக்கன் அரசு மறுத்தது. அந்த வண்டிக்குத் தெருப்பெயர்கூட உண்டு: 'லா கமியோனா', கம்பி அடைத்த குடியேற்றத் துறை லாரி. 2024 அக்டோபரில், வாரத்துக்கு 10,000 பேர் வரை திருப்பி அனுப்புவோம் என்று அரசு அறிவித்தது. அந்த ஆண்டில் மட்டும் வெளியேற்றங்கள் 2,70,000-ஐத் தாண்டின.

ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து ஏற்றினால் பாதி ஊரையே ஏற்ற வேண்டிவரும். டொமினிக்கர்களிலும் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் கலப்புள்ளவர்களே. இருந்தும் கறுப்பு என்றால் ஹைத்தி என்பது அங்கே ஊறிப்போன கணக்கு. அதனால் பழைய அடையாள அட்டைகளில் கறுப்பு என்று எழுதாமல், நிறத்தை 'இந்தியோ' (அமெரிக்கப் பூர்வகுடி) என்று பதிந்தார்கள். (அது நம்மைக் குறிப்பதல்ல. நம்மை 'இந்து' என்பார்கள், நீங்கள் கிறிஸ்தவராக இருந்தாலும்!) சோதனைக்காரர் பார்ப்பது நிறம், முடி, கூலிவேலை உடை, ஸ்பானிஷில் தடுமாறும் நாக்கு எல்லாவற்றையும் சேர்த்துத்தான்.

இந்தக் கசப்புக்கு வயது அதிகம். பிப்ரவரி 27 அவர்களின் சுதந்திர தினம். 1844-ல் விடுபட்டது ஸ்பெயினிடமிருந்து அல்ல, 22 ஆண்டு ஆண்ட ஹைத்தியிடமிருந்து. 1937 அக்டோபரில் சர்வாதிகாரி ட்ருஹியோவின் படை எல்லைப் பகுதியில் ஆயிரக்கணக்கான ஹைத்தியரை வெட்டிக் கொன்றது. அதே ட்ருஹியோ 1952-ல் கரும்பு வெட்ட ஆள் கேட்டு ஹைத்தியோடு ஒப்பந்தம் போட்டார். உழைப்பு வேண்டும், ஆள் வேண்டாம். இன்றும் அதே கதைதான். கட்டட வேலையும் வயல் வேலையும் ஹைத்தியர் கையில். டொமினிக்கர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பக்கத்து நாட்டில் ஆயுதக் கும்பல்களின் அட்டகாசம். தப்பி வருபவர்களின் பாரம் இவர்களுடைய ஆஸ்பத்திரிகளில் விழுகிறது. 2010 பூகம்பத்தில் முதலில் ஓடிப்போய் உதவியவர்களும் இவர்கள்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. வசிப்பிட அட்டை வரும்வரை பாஸ்போர்ட், விசா, நிறுவனக் கடிதம் எப்போதும் கையில் இருக்கட்டும், வந்தபின் அட்டை. 'வீட்டில் இருக்கிறது' என்பதை நம்பி விடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். நிறுத்தினால் ஓடாதீர்கள், குரலை உயர்த்தாதீர்கள். 'சோய் தே லா இந்தியா' (நான் இந்தியாவிலிருந்து வருகிறேன்) என்று ஸ்பானிஷில் சொல்லிக் காகிதத்தை நீட்டுங்கள். அப்படியும் வண்டியைக் காட்டினால், ஏறும் முன்பே அலுவலகத்துக்கு போன் போடுங்கள். இந்தியத் தூதரகம் அங்கேயே இருக்கிறது, போனதும் பதிந்துகொள்ளுங்கள். 2025 ஏப்ரல் முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் வெளிநாட்டவரிடம் அடையாளமும் வேலைக் கடிதமும் முகவரிச் சான்றும் கேட்கிறார்கள். இல்லாதவருக்குச் சிகிச்சை முடிந்ததும் நாடுகடத்தல். தனியார் மருத்துவக் காப்பீட்டை நிறுவனத்திடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

உங்களைக் காகிதம் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். அங்கேயே பிறந்த ஹைத்திய வம்சாவளியினருக்கு அந்த உறுதியும் இல்லை. பிறப்புச் சான்றிதழோடு அடையாள அட்டை கேட்டுப் போன ஜூலியானா டெகிஸ் என்ற பெண்ணின் வழக்கில், 2013 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் அவருக்கு மட்டும் குடியுரிமையை மறுக்கவில்லை. 1929 வரை பின்னோக்கிப் போய், ஆவணமில்லாப் பெற்றோருக்குப் பிறந்த எல்லோருக்கும் மறுத்தது. 2014-ல் வந்த சட்டம் ஒரு பகுதியினருக்கே திருப்பிக் கொடுத்தது. உங்கள் அலுவலக டிரைவரோ கணக்காளரோ இப்படியொரு குடும்பமாக இருக்கலாம். நீங்கள் இறங்கப்போகும் விமான நிலையம் பெஞ்யா கோமெஸ் என்ற தலைவர் பெயரைத் தாங்கியது. 1996 அதிபர் தேர்தலில் அவருடைய ஹைத்திய ரத்தத்தைச் சொல்லியே எதிர்ப்பிரசாரம் செய்தார்கள்.

ஆகவே, நம் ஊரில் பேச்சைத் தொடங்க 'உங்களுக்குப் பூர்வீகம் எது?' என்று கேட்போமே, அந்தக் கேள்வியை அங்கே கேட்காதீர்கள்.