நடு இல்லாத ஊர்: எடிசன் டவுன்ஷிப் பற்றிச் சில கேள்விகள்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள எடிசன் டவுன்ஷிப்பில் குடியிருப்பவர்களும் குடிவரப்போகிறவர்களும் கேட்டவை இவை. பல ஆண்டுகளாக அங்கே வசித்து, பழைய வரைபடங்களைப் புரட்டுவதையே பொழுதுபோக்காகக் கொண்ட ஒருவர் பதில் சொல்கிறார்.

புதிதாகக் குடிவந்தவர்: ஐயா, நானும் காரில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டேன். இந்த ஊரின் நடுப்பகுதி எங்கே இருக்கிறது? ஒரு பழைய கடைவீதி, ஒரு சதுக்கம், எதுவுமே கண்ணில் படவில்லையே?

இல்லாததைத் தேடுகிறீர்கள். 1870 மார்ச்சில் உட்பிரிட்ஜ், பிஸ்கட்டவே ஆகிய இரண்டு பழைய டவுன்ஷிப்களிலிருந்தும் நிலத்தைப் பிரித்தெடுத்து ராரிட்டன் டவுன்ஷிப் என்று ஒன்றை உருவாக்கினார்கள். இன்றைய எடிசன் அதுதான். அதற்கு அப்போது ஒரு நடு இருந்தது. மெட்டச்சன் என்ற சிற்றூர், ரயில் நிலையத்தோடும் கடைவீதியோடும் உள்ளே இருந்தது. 1900-இல் அது தனி உள்ளாட்சியாகப் பிரிந்துபோனது. 1905-இல், ராரிட்டன் ஆற்றில் நியூ பிரன்ஸ்விக் நகருக்கு எதிர்க்கரையில் இருந்த ஹைலண்ட் பார்க்கும் போய்விட்டது. மிஞ்சியதுதான் நம் ஊர். வரைபடத்தைப் பாருங்கள்: உளுந்து வடையின் துளையாக மெட்டச்சன், சுற்றிலும் எடிசன். நீங்கள் தேடும் அந்தப் பழைய கடைவீதி அந்தத் துளைக்குள் இருக்கிறது. அங்கே போய்க் காபி குடிக்கலாம், வரி மட்டும் இங்கே கட்டவேண்டும்.

கல்லூரி மாணவி: ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊர் இப்படிப் பிரிந்துபோக அரசு எப்படி அனுமதித்தது?

அனுமதித்தது மட்டுமா, ஒரு காலத்தில் ஆசையே காட்டியது. நியூ ஜெர்சியில் உள்ளாட்சிகள் ஐந்து வகை: போரோ, டவுன்ஷிப், சிட்டி, டவுன், வில்லேஜ். பெயரைப் பார்த்து அளவை ஊகிக்கமுடியாது. லட்சம் பேர் வாழும் டவுன்ஷிப்பும் உண்டு, சில நூறு பேர் வாழும் போரோவும் உண்டு. பழைய டவுன்ஷிப் என்பது வயலும் காடும் சிறு குடியிருப்புகளுமாகப் பரந்து கிடந்த நிலம். ரயில் வந்ததும் நிலையத்தைச் சுற்றி வீடுகள் நெருங்கின. அங்கே இருந்தவர்களுக்குத் தெருவிளக்கு வேண்டும், குழாய்த் தண்ணீர் வேண்டும், நல்ல பள்ளி வேண்டும். உழவர்களுக்கோ வரி ஏறக்கூடாது.

1894-இல் ஒரு டவுன்ஷிப்புக்கு ஒரே பள்ளி மாவட்டம் (பள்ளிகளை நடத்தும் அமைப்பு) என்று சட்டம் வந்தபோது, வீடுகள் நெருங்கிய பகுதி தனிப் போரோவாகப் பிரிந்தால் தனிப் பள்ளி மாவட்டம் வைத்துக்கொள்ளலாம் என்ற வழியும் திறந்திருந்தது. பெர்கன் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல) அடுத்த ஓரிரு ஆண்டுகளில் போரோக்கள் புற்றீசலாகக் கிளம்பின. மெட்டச்சன் சற்றுத் தாமதமாகப் பிரிந்தது, அவ்வளவுதான். இன்று சிறிய நியூ ஜெர்சிக்குள் 564 உள்ளாட்சிகள்.

குடியுரிமை விண்ணப்பத்துக்கு ஆவணம் தேடுபவர்: மாமனாரின் பழைய தாளில் ‘ராரிட்டன் டவுன்ஷிப்’ என்று இருக்கிறது. அதுவும் எடிசனும் ஒன்றா?

எந்தக் கவுண்டி என்று முதலில் பாருங்கள். மிடில்செக்ஸ் கவுண்டி என்றால் எடிசன்தான். 1954 நவம்பரில் பெயர் மாறியது. ஹண்டர்டன் கவுண்டியில் ஒரு ராரிட்டன் டவுன்ஷிப் இன்றும் இருக்கிறது. மன்மத் கவுண்டியில் இருந்த ராரிட்டன் 1967-இல் ஹேஸ்லட் ஆகிவிட்டது. போதாக்குறைக்கு சோமர்செட் கவுண்டியில் ராரிட்டன் என்றே ஒரு போரோ. எல்லாம் ஒரே ஆற்றின் பெயரைப் பங்குபோட்டுக்கொண்டவை. அக்காலத் தபால்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

பத்து வயது மகனின் தந்தை: பையனுக்கு மின்விளக்கு பிறந்த ஆய்வுக்கூடத்தைக் காட்டவேண்டும். மென்லோ பார்க் மாலுக்குள் இருக்கிறதா?

மாலில் இல்லை. கிரிஸ்டி தெருவுக்குப் போங்கள். ஆனால் ஆய்வுக்கூடமும் அங்கே இல்லை!

மென்லோ பார்க், வீட்டுமனை போட்டு விற்கப் பார்த்து விலைபோகாமல் கிடந்த ரயிலோர மேடு. தாமஸ் எடிசன் 1876-இல் அங்கே வந்து ஆய்வுக்கூடம் அமைத்தார். 1877-இல் ஒலியைப் பதிந்து திரும்ப ஒலிக்கும் ஃபோனோகிராஃப், 1879 அக்டோபரில் நீண்டநேரம் எரியும் கரி இழை விளக்கு. மின்விளக்குக்கு அவருக்கு முன்பும் பலர் முயன்றிருக்கிறார்கள். வீட்டில் வைத்து எரிக்கத் தகுந்ததாக அதை ஆக்கியது இந்தக் கூடம். அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று பொதுமக்களுக்கு விளக்கேற்றிக் காட்டியபோது ரயில்வே சிறப்பு வண்டிகள் விட்டது. 1880-இல் அங்கேயே ஒரு சோதனை மின்ரயிலையும் ஓட்டிப் பார்த்தார்.

பத்தாண்டுக்குள் அவரும் கிளம்பிவிட்டார். 1887-இல் வெஸ்ட் ஆரஞ்சில் இதைவிடப் பெரிய கூடம் கட்டினார். மென்லோ பார்க் கட்டடங்கள் கவனிப்பாரின்றிச் சிதைந்தன. 1920-களின் இறுதியில் ஹென்றி ஃபோர்டு வந்து, எஞ்சியிருந்த பலகை, செங்கல்லோடு ரயில்பெட்டிகளில் இவ்வூர் மண்ணையும் அள்ளிக்கொண்டு மிச்சிகனின் டியர்பார்னில் கூடத்தைத் திரும்ப எழுப்பினார். 1929-இல் அதைப் பார்த்த எடிசன், எல்லாம் சரி, எங்கள் தரை மட்டும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை என்றாராம். நமக்குக் கிடைத்தது 1938-இல் திறக்கப்பட்ட நினைவுக் கோபுரம்: சுமார் 40 மீட்டர் உயரம், உச்சியில் ராட்சத விளக்கு. பக்கத்திலேயே சிறிய அருங்காட்சியகம். பையனுக்குப் பிடிக்கும். போகுமுன் திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்த மனிதர் விட்டுப்போய் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்துத்தான் இவ்வூர் அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது என்பதையும் பையனிடம் சொல்லுங்கள்.

தோட்டம் போடுபவர்: வடக்கு எடிசனில் தோண்டினால் கல். தெற்கே நண்பர் வீட்டில் தோண்டினால் களிமண். ஏன்?

நல்ல கேள்வி, மண்வெட்டி பிடித்தவர்தான் இதைக் கேட்கமுடியும். கடைசிப் பனியுகத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், வடக்கிலிருந்து வந்த பனிப்படலம் இந்த வட்டாரத்தில்தான் நின்றது. தள்ளிக்கொண்டுவந்த கல்லையும் சரளையையும் இங்கேயே போட்டுவிட்டு உருகியது. பெர்த் ஆம்பாயிலிருந்து மெட்டச்சன் வழியாகப் பிளெயின்ஃபீல்டு நோக்கிப் போகும் அந்த மேடுகள்தான் உங்கள் மண்வெட்டியின் எதிரி. ஆற்றை நோக்கி இறங்கினால் கடலோரச் சமவெளியின் பழைய களிமண் படுகை. செங்கல்லும் சுடுமண் ஓடும் செய்ய அதை வெட்டியெடுத்தார்கள். உட்பிரிட்ஜ், பெர்த் ஆம்பாய் தொழிற்சாலைகள் அதில்தான் செழித்தன. தெற்கு எல்லையில் ராரிட்டன் ஆறு, கடல் ஏற்றவற்றம் இங்குவரை எட்டும். வடமேற்கே, டிஸ்மல் ஸ்வாம்ப் என்று அச்சமூட்டும் பெயர் கொண்ட சதுப்பு இருக்கிறது. பறவை பார்ப்பவர்களுக்கு அது சொர்க்கம்.

கிடங்கில் வேலை பார்ப்பவர்: ராரிட்டன் சென்டர் தொழிற்பேட்டையில் குண்டுகள் புதைந்திருப்பதாகச் சொல்கிறார்களே, வதந்திதானே?

வதந்தி அல்ல. 1917-இல் ராணுவம் அங்கே ராரிட்டன் ஆர்சனல் என்ற வெடிமருந்துக் கிடங்கை அமைத்தது. 1960-களின் முற்பகுதியில் மூடும்வரை இரண்டு உலகப் போர்களுக்கும் கப்பலேறவேண்டிய குண்டுகள் அங்கே குவிந்தன. பிறகு ராணுவப் பொறியாளர் பிரிவு பல ஆண்டுகள் தேடித் துப்புரவு செய்தது. அந்த நிலத்தில்தான் இன்று உங்கள் தொழிற்பேட்டையும், கவுண்டிக் கல்லூரியும், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அலுவலகமும் இருக்கின்றன. தரையைத் தோண்டும் வேலை இருந்தால் மேலாளரிடம் கேளுங்கள். பெட்டி அடுக்குவதற்குப் பயப்படவேண்டாம்.

ஆர்சனல், ஃபோர்டு கார் ஆலை, நெடுஞ்சாலைகள் எல்லாம் ஏன் இங்கே வந்தன என்றும் யோசியுங்கள். வீடுகள் நெருங்கிய பகுதிகள் பிரிந்துபோனதால் டவுன்ஷிப்புக்கு மிஞ்சியது வெற்றுநிலம். பெரிய திட்டங்களுக்கு அதுதானே வேண்டும்? மேற்கில் பிஸ்கட்டவே எல்லையோடு சேர்த்து 1942-இல் கேம்ப் கில்மர் எழுந்தது. ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய வீரர்கள் லட்சக்கணக்கில் அதைக் கடந்தார்கள். 1956 புரட்சிக்குப் பின் தப்பிவந்த ஹங்கேரியர்களும் அங்கேதான் முதலில் தங்கவைக்கப்பட்டார்கள்.

பழைய கார் பிரியர்: என் 1966 ஃபோர்டு மஸ்டாங் ‘மெட்டச்சன்’ ஆலையில் செய்தது என்று வண்டியின் அடையாள எண் சொல்கிறது. அங்கே ஆலை இருந்ததா?

மெட்டச்சனில் இல்லை, எடிசனில்தான் இருந்தது! 1948-இல் திறந்தபோது ஊர்ப்பெயர் ராரிட்டன். ஃபோர்டு பக்கத்து ஊர்ப்பெயரை வைத்துவிட்டது. 2004-இல் ஆலை மூடப்பட்டது. உங்கள் வண்டி எடிசன்காரிதான், சந்தேகம் வேண்டாம்.

மென்பொருள் பணியாளர்: இவ்வளவு இந்தியர்கள் இங்கே எப்படி வந்தார்கள்?

1965 குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்தது. ரயிலில் நியூயார்க் போகலாம், நெடுஞ்சாலைகளில் மத்திய ஜெர்சியின் தொலைத்தொடர்பு, மருந்து நிறுவனங்களுக்குப் போகலாம், வீடும் ஓரளவு கட்டுப்படியாகும். களையிழந்து கிடந்த ஓக் ட்ரீ ரோட்டில் கடைகளை எடுத்து நடத்தியவர்களில் குஜராத்திகள் முன்னின்றார்கள். அந்தச் சாலையின் ஒரு பகுதி உட்பிரிட்ஜின் ஐஸலினில் இருக்கிறது. எளிதாக நடந்துவிடவில்லை. 1990-களில் நவராத்திரி விழாவுக்கு டவுன்ஷிப் விதித்த கட்டுப்பாடுகள் கூட்டாட்சி நீதிமன்றம்வரை போயின. 2020 கணக்கெடுப்பில் 1,07,588 பேர், ஏறத்தாழ பாதிப் பேர் ஆசிய வம்சாவளியினர். 2021 தேர்தலில் சாம் ஜோஷி மேயரானார். தமிழர்களும் கணிசம். கூட்டம் பார்க்கவேண்டுமானால் சனிக்கிழமை மாலை மளிகைக் கடைக்குப் போங்கள்.

வீட்டு வரி கட்டுபவர்: மெட்டச்சனை எடிசனோடு திரும்பச் சேர்த்துவிட்டால் செலவு குறையாதா?

குறையலாம். பிரின்ஸ்டனில் போரோவும் அதைச் சுற்றியிருந்த டவுன்ஷிப்பும் 2013-இல் ஒன்றாகின. அதற்கு இரண்டு பக்கத்து வாக்காளர்களும் சம்மதித்தார்கள். மெட்டச்சன்காரர்களிடம் இதை நீங்களே கேட்டுப் பாருங்கள், நான் வரவில்லை.