தன்னைத் தானே கவனித்தால் உரையாடும் திறமை வளருமா?

வளரும். ஆனால் எதைக் கவனிக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். ‘நான் ஒழுங்காகப் பேசுகிறேனா, என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ’ என்று பார்த்துக்கொண்டே இருந்தால் அதற்குப் பெயர் கூச்சம். வருகிற பேச்சும் தடுமாறும். அந்தக் கவலை பெரும்பாலும் வீண்தான். முன்பின் தெரியாதவர்களைப் பேசவைத்து, பிறகு தனித்தனியாகக் கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. எதிராளிக்குத் தங்களை உண்மையில் எவ்வளவு பிடித்திருந்ததோ, அதைவிடக் குறைவாகவே அவர்கள் பொதுவாகக் கணித்திருந்தார்கள்.

நான் கவனிக்கச் சொல்வது ஒரே ஒரு நொடியை. எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் பதில் தயாராகி நாக்கு நுனியில் வந்து நிற்குமே, அந்த நொடி. அதற்கப்புறம் அவர் சொல்வது காதில் விழும், மனதில் ஏறாது. இது கெட்ட குணம் எல்லாம் இல்லை. ஒருவர் கேள்வி கேட்டு முடித்து அடுத்தவர் பதிலைத் தொடங்கும் இடைவெளி, சராசரியாக 200 மில்லி விநாடியை ஒட்டியே இருக்கிறது (10 மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் பார்த்திருக்கிறார்கள்). ஒரு சொல்லை யோசித்து வாய்க்குக் கொண்டுவரவே அதைப்போல் மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். அதனால் எல்லோருமே கேட்டுக்கொண்டேதான் தயாராகிறோம். தயாரானதை விட்டுக்கொடுக்க மனசு வராது, அங்கேதான் வம்பு.

நண்பர் சொல்கிறார்: “அப்பாவுக்கு மூட்டு வலிடா, ரெண்டு நாளா தூங்கவே இல்ல.” உடனே நாம், “எங்க அம்மாவுக்கும் இதேதான், ஒரு தைலம் தேய்ச்சோம் பாரு...” என்று ஆரம்பிப்போம். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைப்பு. ஆனால் பேச்சு அவர் வீட்டை விட்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டது. அவரும் மரியாதைக்கு “என்ன தைலம்?” என்று கேட்டுவைப்பார். அதற்குப் பதிலாக, “அப்போ ராத்திரி நீதான் கூட முழிச்சிருக்கியா?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்ல வந்ததே அதுவாக இருக்கலாம்.

அந்த நொடியைப் பிடிக்க உடம்பே அடையாளம் காட்டும். பேசத் தொடங்குமுன் நம்மை அறியாமல் மூச்சை உள்ளே இழுப்போம். அவர் வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போதே நீங்கள் மூச்சை இழுத்துவிட்டால், சரி, மாட்டிக்கொண்டீர்கள். மெதுவாக வெளியே விட்டுவிட்டு, அவர் கடைசியாகச் சொன்னதிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள். முதலில் போன் பேச்சில் பழகுவது சுலபம். தோன்றியதைக் காகிதத்தில் ஒரு சொல்லாகக் கிறுக்கி வைத்தால் மறந்துவிடுமோ என்ற அவசரம் இருக்காது. பாதி நேரம் அதைச் சொல்ல வேண்டிய தேவையே வராது.

நெருங்கிய கூட்டாளிகளோடு அரட்டை அடிக்கும்போது மட்டும் இதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். அங்கே நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், “என்னடா, உடம்பு சரியில்லையா?” என்றுதான் கேட்பார்கள்.